விழுந்த பேண்ட் சாவை வாங்கலாமா?

அடிபட்ட பேண்ட் சாவுக்கு, அதாவது இரண்டு சக்கரங்களின் மேல் வளையமாக ஓடும் பட்டை ரம்பத்துக்கு, விலை பேச உட்காரும் முன் எது உடைந்திருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். எவ்வளவு உடைந்திருக்கிறது என்பது அதற்கு அடுத்த கேள்வி. பார்த்தவுடன் மனம் விட்டுப்போகும் அளவுக்கு நொறுங்கிக் கிடக்கும் மெஷினைச் சில சமயம் தாராளமாக வாங்கலாம். புதுப் பெயின்ட் அடித்து மினுமினுவென்று நிற்கும் மெஷினைச் சில சமயம் சும்மா கொடுத்தாலும் தொடக்கூடாது. ஒன்றை வேண்டாம் என்று விட்டுவிட்டு, இன்னொன்றை வாங்கிச் சரிசெய்து இப்போது ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த அனுபவம் இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சிறிய மரவேலைப் பட்டறை. வட்ட ரம்பமும் இழைப்பு மெஷினும் ஏற்கெனவே இருந்தன. பேண்ட் சா தேவைப்பட்டதற்குக் காரணம் வளைவு வேலை. நாற்காலிச் சாய்மானம், ஊஞ்சல் பலகையின் ஓரம், கட்டில் தலைப்பக்கம் எல்லாவற்றையும் கையில் பிடிக்கும் ஜிக்சாவில் அறுத்துக் கொண்டிருந்தோம். கனமான தேக்கில் ஜிக்சா பிளேடு அடியில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். மேலே கோட்டின் மேல் போகும், கீழே கோட்டைத் தாண்டியிருக்கும். மீதியை அரத்தால் தேய்த்தே தீர்க்க வேண்டியிருந்தது.

இன்னொரு காரணம் மரத்தூள். 50 மி.மீ. கனமுள்ள தேக்குக் கட்டையை 6 மி.மீ. பட்டைகளாகப் பிளக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்ட ரம்பம் ஒவ்வொரு வெட்டுக்கும் 3 மி.மீ. தின்றால் ஐந்து பட்டைதான் கிடைக்கும். பேண்ட் சா பிளேடின் தடம் 1.2 மி.மீ. என்றால் ஏழு கிடைக்கும். தேக்கு விற்கிற விலைக்கு அந்த இரண்டு பட்டை எவ்வளவு என்பது மரவாடியில் கன அடிக்குப் பணம் எண்ணிக் கொடுப்பவர்களுக்குத் தெரியும்.

புது மெஷினுக்கு விசாரித்தேன். கையில் இருந்த பணத்துக்கு, தகரத்தை மடித்துச் செய்த சிறிய மெஷின்தான் வரும். நான் தேடியது வார்ப்பிரும்புச் சட்டத்தில் 24 அங்குலச் சக்கரம். அதனால் பழையது பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் பார்த்தது மூடப்போகிற ஒரு மரம் அறுக்கும் மில்லில் இருந்த மெஷின். சக்கரம் 36 அங்குலம், எனக்குத் தேவையானதைவிடப் பெரியது. ஆனால் விலை ஆசை காட்டியது. பச்சைப் பெயின்ட் புதிதாக அடித்திருந்தார்கள். கீழ்ச் சக்கரத்தின் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, ஆரக்கால் ஒன்று விளிம்போடு சேரும் இடம் மட்டும் மற்றவற்றைவிட வழவழப்பாக இருந்தது. வார்ப்பிரும்பின் மேல்தோல் எப்போதும் மணல் தடவியதுபோலச் சொரசொரப்பாகத்தான் இருக்கும். மண் அச்சில் வார்த்ததன் அடையாளம் அது. ஒரு இடம் மட்டும் வழவழவென்று இருந்தால் அங்கே யாரோ பட்டி பார்த்திருக்கிறார்கள். நகத்தால் கீறினேன், பட்டி உதிர்ந்தது. அடியில் முடி கனத்தில் ஒரு கோடு. அவர்களிடம் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஏன் அப்படி ஒரேயடியாக விலக வேண்டும் என்று உடன் வந்த நண்பர் கேட்டார். வெல்டிங் வைத்துக்கொள்ளலாமே என்றார். அவருக்குச் சொன்ன கணக்கை இங்கும் சொல்கிறேன். நான் தேடிய 24 அங்குலச் சக்கரத்தையே எடுத்துக்கொள்வோம்: விட்டம் ஏறத்தாழ 610 மி.மீ., சுற்றளவு 1.9 மீட்டர். அது நிமிடத்துக்கு 720 சுற்று சுற்றினால் விளிம்பின் வேகம் நிமிடத்துக்கு 1,380 மீட்டர், அதாவது மணிக்கு 80 கிலோமீட்டருக்கும் மேல். அந்த வேகத்தில் விளிம்பு வெளியே பறக்கப் பார்க்கிறது. பிடித்து வைத்திருப்பவை ஆரக்கால்கள்தான். வார்ப்பிரும்பு அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். இழுவையைத் தாங்குவதில் பலவீனமானது. அதில் விழுந்த விரிசல் மெல்ல வளைந்து, நீண்டு, எச்சரிக்கை கொடுத்துவிட்டு உடைவதில்லை. ஒரு நொடியில் போய்விடும். அந்த நேரத்தில் மெஷினுக்கு முன்னால் நிற்பது நானோ என்னிடம் வேலை செய்யும் பையனோ. சுழலும் பாகத்தில் விரிசல் என்றால் பேச்சே கிடையாது. அந்த அளவில் வேறு நல்ல சக்கரம் கிடைத்தால் மட்டுமே அந்த மெஷினைப் பற்றி யோசிக்கலாம்.

இரண்டாவது மெஷின் கோயம்புத்தூருக்கு வெளியே ஒரு ஷெட்டின் மூலையில் படுத்துக் கிடந்தது. படுத்து என்று சொல்வது உண்மையாகவே. இடம் மாற்றும்போது லாரியிலிருந்து கிரேன் இல்லாமல், கயிறும் கடப்பாரையுமாக இறக்கியிருக்கிறார்கள். பேண்ட் சாவுக்குத் தலை கனம். மேல் சக்கரம், அதைத் தாங்கும் நகர்த்தி, மூடி எல்லாம் ஆளுயரத்தில் இருக்கின்றன, அடிப்பாகம் குறுகல். சற்றுச் சாய்ந்தாலும் நிறுத்த முடியாது. முகம் குப்புற விழுந்திருக்கிறது. மேசை தனியாகக் கழன்று கிடந்தது. மேசையைச் சாய்ப்பதற்காக அதன் அடியில் இருக்கும் அரைவட்டத் தாங்கிகள் இரண்டில் ஒன்று நடுவில் இரண்டாகப் பிளந்திருந்தது, மற்றது சில்லுச் சில்லாகி, அதிலும் சில சில்லுகள் காணவில்லை. மேல் சக்கரத்தின் மூடி நசுங்கியிருந்தது. பிளேடு விலகாமல் பிடித்துக்கொள்ளும் கைடைத் தாங்கும் கம்பி வளைந்திருந்தது. பிளேடை இறுக்கும் திருகும் வளைந்திருந்தது. பார்த்தவர்கள் எல்லாம் காயலான் கடைக்குத்தான் லாயக்கு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

எனக்கு அதைப் பார்த்ததும் ஆர்வம் வந்தது. உடைந்தவை எல்லாம் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தவை. விழுந்த அடியை அவையே வாங்கிக்கொண்டிருக்கலாம். சட்டமும் சக்கரங்களும் தப்பியிருந்தால் இது மருத்துவம் பார்த்தால் பிழைக்கும் மெஷின். தப்பியிருக்கின்றனவா என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சட்டத்தில் முதலில் பார்க்க வேண்டிய இடம் கழுத்து, அதாவது சட்டத்தின் மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் சேர்க்கும் பகுதி. பேண்ட் சாவின் சட்டம் பக்கவாட்டில் பார்த்தால் வாய் திறந்த வளையம். பிளேடை இறுக்கும்போது மேல் சக்கரமும் கீழ்ச் சக்கரமும் ஒன்றை ஒன்று நோக்கி இழுக்கப்படுகின்றன. அந்த இழுவை முழுவதும் கழுத்தின் உள்பக்கத்தில் வந்து விழுகிறது. 25 மி.மீ. அகலமும் 0.6 மி.மீ. கனமும் உள்ள பிளேடைச் சதுர மி.மீட்டருக்கு 10 கிலோ வீதம் இறுக்கினால் ஒரு பக்கத்தில் 150 கிலோ. பிளேடு இரண்டு பக்கமும் ஓடுவதால் மொத்தம் 300 கிலோ. மெஷின் ஓடும் நேரம் முழுவதும் கழுத்து இதைச் சுமக்கிறது. அங்கே விரிசல் இருந்து, அதை ஒட்டவைத்து ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். நான் அதற்குத் துணிய மாட்டேன்.

விரிசல் பார்ப்பதற்கு மண்ணெண்ணெயும் சாக்பீஸ் பொடியும் போதும். கழுத்தின் உள்வளைவையும், சக்கரத்தின் ஆரக்கால்கள் சேரும் இடங்களையும், மேல் சக்கரத் தண்டைத் தாங்கும் நகர்த்தியையும் கம்பி பிரஷால் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்தேன். பெயின்ட் கனமாக இருந்த இடங்களில் சுரண்டிவிட்டேன். விற்பவரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டுதான். பிறகு துணியில் மண்ணெண்ணெயை நனைத்து நன்றாகத் தடவி, கால் மணி நேரம் விட்டேன். மேலே இருப்பதை உலர்ந்த துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியை மெல்லிய படலமாகத் தூவினேன். விரிசல் இருந்தால் அதற்குள் இறங்கிய மண்ணெண்ணெய் மெதுவாகக் கசிந்து பொடியில் ஈரக்கோடு போடும். அவசரப்படாமல் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கழுத்தில் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. சக்கரங்களிலும் அப்படியே. நகர்த்தியில் ஒரு மூலையில் ஈரம் தெரிந்தது. துடைத்துவிட்டு மறுபடியும் செய்து பார்த்ததில் அது வார்ப்பின்போது விழுந்த சிறு குழி என்று தெரிந்தது. விரிசல் கோடாக வரும், குழி புள்ளியாக நிற்கும்.

அடுத்து ஒலி. சக்கரத்தைத் தண்டிலேயே தொங்கவிட்டு, மரச் சுத்தியலால் விளிம்பில் அங்கங்கே தட்டினேன். ரயில்வேயில் வண்டிச் சக்கரங்களைத் தட்டிப் பார்த்து ஊழியர்கள் நடந்துபோவதைப் பழைய ஆட்கள் பார்த்திருப்பார்கள், அதே முறைதான். நல்ல வார்ப்பு கணீரென்று கேட்கும், விரிசல் விழுந்தது பொத்தென்று அடங்கும். ரப்பர் பட்டை ஒட்டிய சக்கரத்தில் ஒலி கொஞ்சம் மந்தமாக இருக்கும் என்பதால் இதை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. ஒரே சக்கரத்தின் வெவ்வேறு இடங்களை ஒப்பிட்டுக் கேட்டால் வித்தியாசம் தெரியும்.

பிறகு தண்டு வளைந்திருக்கிறதா என்று பார்த்தேன். நுண்ணிய ஆட்டத்தை முள்ளில் காட்டும் டயல் கேஜ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் ஒரு பென்சிலைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டி, அதன் முனையைச் சக்கர விளிம்பை உரசாத அளவுக்கு நெருக்கமாக வைத்து, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினால் போதும். இடைவெளி கூடிக் குறைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கீழ்ச் சக்கரம் ஆடவே இல்லை. மேல் சக்கரம் அரை மி.மீ. அளவுக்கு ஆடியது, அதில் பாதி பேரிங்கின் தளர்ச்சி என்று கையால் அசைத்துப் பார்த்தபோதே தெரிந்தது. இதையே 2 மி.மீ. ஆட்டமாகப் பார்த்திருந்தால் புதுத் தண்டுக்கும் கணக்குப் போட்டிருப்பேன்.

கடைசியாக, இரண்டு சக்கரமும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்று ஒரு நேரான மரச்சட்டத்தை மேலிருந்து கீழாக வைத்துப் பார்த்தேன். சட்டம் முறுக்கியிருந்தால் இங்கே காட்டிக்கொடுக்கும். மேல் சக்கரம் கொஞ்சம் முன்னால் இருந்தது. ஒன்றிரண்டு மி.மீ. வித்தியாசத்தைத் தண்டில் வாஷர் போட்டுச் சரிசெய்துவிடலாம். ஆனால் ஒரு சக்கரம் மற்றதைவிட ஒரு பக்கமாக முறுக்கி நின்றால், அதாவது மரச்சட்டம் மேலே இடப்பக்கமும் கீழே வலப்பக்கமும் தொட்டால், சட்டமே திருகிவிட்டது என்று அர்த்தம். அதற்கு வைத்தியம் இல்லை.

இவ்வளவும் முடித்த பிறகுதான் விலைப் பேச்சு. ஒரு தாளில் தேவைப்படுகிற ஒவ்வொன்றையும் எழுதினேன்: வார்ப்பு, பித்தளை ஒட்டு, லேத் வேலை, பேரிங், இரண்டு சக்கரத்துக்கும் ரப்பர், பெல்ட், பிளேடு, மூடி, வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி. மோட்டாரைச் சோதிக்க வசதியில்லாததால் காயில் கட்டும் செலவையும் முழுவதுமாகச் சேர்த்தேன். சந்தேகம் உள்ளதைக் கெட்டுப்போனதாகவே கணக்கில் வைக்க வேண்டும்; பிறகு நல்லதாக இருந்தால் லாபம். இந்தக் கூட்டுத்தொகையோடு அவர் கேட்கும் விலையைச் சேர்த்தால், அதே தரத்தில் புது மெஷினின் விலையில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது நான் வைத்துக்கொண்ட கோடு. பாதியைத் தாண்டினால் அலைச்சலுக்கும், வேலை நின்றுபோகும் நாட்களுக்கும் ஈடு கட்டாது.

விற்பவர் வயதில் மூத்தவர். "தம்பி, பழைய இரும்புக்காரன் கிலோக் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறான்" என்றார். அது நியாயமான பேச்சு. உடைந்த மெஷினின் அடிவிலை அதன் எடைதான். அதற்குக் கீழே யாரும் தரமாட்டார்கள், கேட்பதும் அழகில்லை. நான் தாளை அவரிடமே கொடுத்தேன். "அண்ணா, இவ்வளவு செலவு இருக்கிறது. எடை விலைக்கு மேல் மோட்டாருக்கும் சட்டத்துக்கும் சேர்த்து இவ்வளவு தருகிறேன். மெஷின் மெஷினாகவே இருக்கும், உடைத்து உருக்க மாட்டேன்" என்றேன். தாளை இரண்டு முறை படித்துவிட்டு ஒப்புக்கொண்டார். சிதறிய சில்லுகள் கிடந்த சாக்கையும் அவரே எடுத்துக் கொடுத்தார். அந்தச் சாக்கு இல்லாவிட்டால் வேலை இரட்டிப்பாகியிருக்கும். உடைந்த துண்டு எதையும் குப்பை என்று விட்டுவிட்டு வராதீர்கள். அளவெடுக்க அதைவிட நல்ல வரைபடம் கிடையாது.

கொண்டுவருவதில் ஒன்றுதான் முக்கியம்: விழுந்த மெஷினை மறுபடி விழவிடக் கூடாது. மேல் சக்கரத்தையும் மோட்டாரையும் கழற்றித் தனியாக ஏற்றினோம். செயின் பிளாக்கில் சட்டத்தின் கழுத்துக்கு மேலே பெல்ட் போட்டுத் தூக்கி, குட்டியானையில் முதுகுப்பக்கம் கீழே இருக்கும்படி மரக்கட்டைகள் மேல் படுக்கவைத்தோம். நிற்கவைத்து ஓட்டிக்கொண்டு வரலாம் என்று டிரைவர் சொன்னார், நான் சம்மதிக்கவில்லை.

இனி பழுது. இரண்டாகப் பிளந்திருந்த தாங்கியைப் பித்தளை ஒட்டுப் போட்டுக் காப்பாற்ற முடிந்தது. வார்ப்பிரும்பைச் சாதாரண வெல்டிங் ராடு வைத்து ஒட்டினால் அந்த நிமிடம் பிடித்தமாதிரி இருக்கும். ஆனால் வார்ப்பிரும்பில் கரி அதிகம். உருகிய இடம் சட்டென்று ஆறும்போது, ஒட்டின் ஓரம் கண்ணாடிபோல் கடினமாகி, அதை ஒட்டியே புதிதாக வெடிக்கும். அதனால் கேஸ் வெல்டிங்கில் பித்தளைக் கம்பி. உடைந்த ஓரங்களை வாய்க்கால்போல் சரிவாக்கும் வேலையை நானே செய்தேன். கிரைண்டரில் முக்கால் பங்கு எடுத்துவிட்டு, கடைசியில் அரத்தால் முடித்தேன். கிரைண்டர் தேய்த்த முகத்தில் இரும்பிலுள்ள கிராஃபைட் பூசிவிடும், பித்தளை பிடிக்காது. வெல்டிங்காரர் அடுப்புக்கரித் தணலில் முழுத் துண்டையும் சீராகச் சூடாக்கிய பிறகுதான் ஒட்டினார். ஒட்டி முடித்ததும் உலர்ந்த சாம்பலுக்குள் புதைத்துவிட்டு, "நாளைக்குக் காலையில்தான் இதைத் தொட வேண்டும்" என்றார். காலையிலும் உள்ளே கதகதப்பு இருந்தது. மெதுவாக ஆறவிடுவதில்தான் ஒட்டின் ஆயுள் இருக்கிறது. இந்தத் தாங்கி சுமப்பது மேசையின் எடையை. அழுத்தம்தான், இழுவை கிடையாது. அதனால்தான் இங்கே ஒட்டை நம்பினேன்.

சில்லாகிப்போன மற்றத் தாங்கியைப் புதிதாக வார்க்க வேண்டியிருந்தது. இந்த வேலையில் மரவேலைக்காரனுக்கு இருக்கும் வசதி வேறு யாருக்கும் இல்லை. வார்ப்படத்துக்குக் கொடுக்க வேண்டிய பேட்டர்ன், அதாவது மண்ணில் அச்சுப் பதிக்கும் மாதிரி, மரத்தில் செய்வது. அதை நாமே செய்துகொள்ளலாம். கிடைத்த சில்லுகளைப் பசை வைத்துச் சேர்த்து, காணாமல் போன இடங்களை ஒட்டிச் சரிசெய்த தாங்கியைப் பார்த்து அட்டையில் வரைந்துகொண்டேன். பேட்டர்னுக்கு நன்றாகக் காய்ந்த குமிழ் மரம் எடுத்தேன். லேசான மரம், உளிக்கு இணங்கும், காய்ந்த பிறகு முறுக்கிக்கொள்ளாது.

பேட்டர்ன் என்பது பாகத்தின் நகல் இல்லை. உருகிய வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் சுருங்கும். 300 மி.மீ. நீளம் வேண்டும் என்றால் மரத்தில் 303 வைக்க வேண்டும். எந்த முகத்தை லேத்தில் கடைய வேண்டியிருக்கிறதோ அங்கே 3 மி.மீ. கூடுதலாக விட வேண்டும். மண்ணிலிருந்து பேட்டர்னை உருவும்போது ஓரம் இடியாமல் இருக்க, நிற்கும் பக்கங்கள் எல்லாவற்றுக்கும் ஒன்றிரண்டு டிகிரி சரிவு கொடுக்க வேண்டும். உள்மூலைகளைக் கூராக விடக்கூடாது. வார்ப்பு ஆறும்போது அங்கேதான் வெடிக்கும். நான் தேன்மெழுகை உருட்டி மூலைகளில் வைத்து, விரல் நுனியால் அழுத்தி வழித்து, வளைவாக்கினேன். துளைகளை வார்ப்பில் விடாமல் பிறகு டிரில் போட்டுக்கொள்வது எளிது. மேலே வார்னிஷ் இரண்டு கோட்டிங் அடித்தேன், ஈர மண் மரத்தில் ஒட்டாமல் இருக்க.

கோயம்புத்தூரின் கணபதிப் பகுதியில் உள்ள ஒரு சிறிய வார்ப்படப் பட்டறைக்கு அதை எடுத்துப் போனேன். அங்கே பெரியவர் பேட்டர்னைக் கையில் வாங்கி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, பக்கச் சரிவுகளைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு இடத்தில் சரிவு போதாது என்று காட்டி, அங்கேயே உளி கொடுத்துச் சீவச் சொன்னார். மோட்டார் பம்ப்பும் கிரைண்டரும் ஆயிரக்கணக்கில் வார்க்கிற ஊரில், ஒற்றைத் தாங்கிக்காக அவர் காட்டிய அந்தக் கவனம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒன்று கேட்டதற்கு இரண்டாக வார்த்துக்கொள்ளச் சொன்னவரும் அவர்தான். உள்ளே காற்றுக்குழி இருந்தால் கடையும்போதுதான் தெரியும் என்றார். முதல் வார்ப்பில் உண்மையாகவே குழி இருந்தது. இரண்டாவது சுத்தமாக வந்தது. லேத் பட்டறையில் அதை ஃபேஸ் பிளேட்டில் பூட்டி அரைவட்டத்தைக் கடைந்தார்கள். பழைய அடித்தாங்கியின் பள்ளத்தில் வைத்தபோது, கொஞ்சம் கிரீஸ் தடவியதும் கையால் தள்ள நகர்ந்தது.

மற்றவை சாதாரண வேலைகள். வளைந்த கைடு கம்பியை நிமிர்த்த முயலாமல் புதுக் கம்பியில் கடைந்தோம். நிமிர்த்திய கம்பி வழுக்கி நகர வேண்டிய துளையில் எங்காவது பிடிக்கும். இறுக்கும் திருகையும் புதிதாகவே வெட்டினோம். பேரிங் விஷயத்தில் கவலையே வேண்டாம். பழையதன் மேல் எண் இருக்கும். 6205 என்றால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மி.மீ.; யார் தயாரித்தாலும் இதே அளவு. கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் தண்டின் விட்டம் வந்துவிடும். 04 முதல் இந்தக் கணக்கு பொருந்தும். எண் அழிந்துபோயிருந்தாலும் வெர்னியர் வைத்து மூன்று அளவும் எடுத்துப் போனால் கடைக்காரரே எடுத்துக் கொடுப்பார்.

சக்கர ரப்பர் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. உளியால் சுரண்டி எடுத்து, புது ரப்பரைப் பசை போட்டு ஒட்டி, நடுவில் கொஞ்சம் மேடாக இருக்கும்படி உப்புத்தாளால் தேய்த்தேன். அந்த மேடுதான் பிளேடைச் சக்கரத்தின் நடுவில் நிற்கவைக்கிறது. மோட்டார் 3 ஹெச்.பி., மூன்று ஃபேஸ். மின்கசிவு இருக்கிறதா என்று காட்டும் மெக்கர் வைத்துப் பார்த்தவர் காயில் நன்றாக இருக்கிறது என்றார். கணக்கில் வைத்த பணம் மிஞ்சியது. பட்டறையில் ஒற்றை ஃபேஸ்தான் இருக்கிறது என்றால், வாங்குவதற்கு முன்பே இதற்கு வழி யோசித்துக்கொள்ளுங்கள். ஒற்றை ஃபேஸை வாங்கி மூன்று ஃபேஸாகக் கொடுக்கும் டிரைவ் கிடைக்கிறது. அந்தச் செலவும் தாளில் ஏற வேண்டும்.

நசுங்கிய மூடியைப் பலரும் கடைசிக்குத் தள்ளுவார்கள், சிலர் மாட்டாமலே ஓட்டுவார்கள். எங்கள் பட்டறையில் மூடியை அடித்து நிமிர்த்தி, பிடிகளைப் புதிதாக வெல்டிங் வைத்துப் பூட்டிய பிறகுதான் ஸ்விட்சைப் போட்டோம். பிளேடு அறுந்தால் அதைத் தடுத்து நிறுத்த இருப்பது அந்தத் தகரம் மட்டுமே.

பிளேடு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நன்றாகப் பழுது பார்த்த மெஷினையும் பொருந்தாத பிளேடு போட்டுக் கெட்ட பெயர் வாங்கவைக்கலாம். இந்த மெஷினின் யோசனை பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது. ஆனால் பட்டையின் இரு முனையையும் அறுந்துபோகாதபடி ஒட்டத் தெரியாததால் உபயோகத்துக்கு வரவில்லை. 1846இல் பிரான்சில் அன் போலின் கிரெப்பன் என்ற பெண்மணி ஒட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகுதான் வழி பிறந்தது. இன்றும் பிளேடு ஒட்டுகிறவரின் கைப்பக்குவம் முக்கியம். ஒட்டின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். மேடு தட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், கைடில் ஒவ்வொரு சுற்றுக்கும் இடித்துக்கொண்டே இருக்கும்.

கனமும் அதே அளவுக்கு முக்கியம். சக்கர விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் பிளேடின் கனம் இருக்கக் கூடாது என்பது பழைய விதி. 610 மி.மீ. சக்கரத்துக்கு 0.6 மி.மீ. பெரிய மில்லில் ஓடுகிற தடித்த பிளேடு மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி மாட்டினால் சீக்கிரமே பல்லின் அடியில் வெடிக்கும். என் மெஷினில் பிளேடின் நீளம் 4.4 மீட்டர், நிமிடத்துக்கு முந்நூறு சுற்றுக்கு மேல் ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு சக்கரத்தில் இரண்டு முறை வளைந்து நிமிர்கிறது. தடித்தது அந்த வளைவைத் தாங்காது. நீளம் கணக்கிட, இரண்டு தண்டுகளின் மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை இரட்டித்து, அதோடு ஒரு சக்கரத்தின் சுற்றளவைக் கூட்டினால் போதும். அளக்கும்போது மேல் சக்கரத்தை மிகவும் மேலே தூக்கி வைக்காதீர்கள். இறுக்குவதற்கு இடம் வேண்டும்.

இன்னொரு விஷயம் மெஷினுக்கு வெளியே இருக்கிறது. கூடலூர்ப் பகுதிக் காடுகள் அழிக்கப்படுவதை எதிர்த்து நிலம்பூரைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் வந்த உத்தரவுக்குப் பிறகு, மரம் அறுக்கும் மில்களின் மீதான கட்டுப்பாடு நாடு முழுவதும் இறுகியது. மரம் சார்ந்த தொழிற்கூடங்களுக்கென்று 2016இல் மத்திய அரசு வழிகாட்டு நெறிகளும் வெளியிட்டது. அறுத்த பலகையை வாங்கி நாற்காலி செய்கிற பட்டறையும், உருட்டு மரத்தை அறுக்கிற மில்லும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல. ஆனால் பேண்ட் சா என்ற பெயரே அதிகாரிகளின் கவனத்துக்கு வரக்கூடியது. என்ன மெஷின், எத்தனை அங்குலச் சக்கரம், எதை அறுக்கப்போகிறோம் என்பதைச் சொல்லி வனச்சரக அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டுக்கொண்டு வாங்குவது நல்லது. பெரிய சக்கரமும் உருட்டு மரத்தை நகர்த்தும் தள்ளுவண்டியும் உள்ள மெஷின் மலிவாகக் கிடைக்கிறது என்று ஆசைப்படுபவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

யாருக்கு இது ஒத்துவராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரமே ஓட்டியாக வேண்டிய ஆர்டர் கையில் இருப்பவர் வாங்க வேண்டாம். வார்ப்படம், லேத், வெல்டிங் மூன்றும் அவரவர் வேலைக்கு நடுவில்தான் நம் துண்டைத் தொடுவார்கள். அருகில் இந்த மூன்றும் இல்லாத ஊர்க்காரரும் யோசித்துக்கொள்ள வேண்டும். கோவையைச் சுற்றி இருப்பவர்களுக்கு இது பெரிய வரம். ஒரு பஸ் தூரத்தில் எல்லாம் கிடைக்கிறது.

என் மெஷின் இப்போது தேக்கிலும் வேங்கையிலும் நன்றாக ஓடுகிறது. மேல் சக்கரத்தில் மெல்லிய அதிர்வு மட்டும் இன்னும் இருக்கிறது; அதைக் கழற்றி எடைச் சமன் பார்க்க வேண்டும். ஸ்விட்சை அணைத்த பிறகும் சக்கரம் வெகுநேரம் சுழல்கிறது, அதற்கு ஒரு பிரேக் பொருத்தும் வேலையும் பாக்கி. குமிழ் மரத்தில் செய்த பேட்டர்னைத் துடைத்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன். இதே வார்ப்புத் தாங்கியுள்ள மெஷின் வைத்திருப்பவர் யாராவது பட்டறைக்கு வந்தால் எடுத்துப்போய் வார்த்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் அவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: பேட்டர்னை அளந்து அதே அளவில் இரும்பைக் கடைந்துவிடக் கூடாது, அது நூற்றுக்கு ஒன்று பெரியது.